பூனை எலியோடு வந்தால் அடிக்காதீர்கள், பட்டினியும் போடாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்து, சென்னையில் மழைநீர் வடிகால்கள் நிரம்பினால் எலிகள் மேலே ஏறிவிடும். அடுத்த சில நாட்களில் பூனைகள் அவற்றைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குள் வரும். அதற்கடுத்த வாரம் அதே பூனைகள் கால்நடை மருத்துவர்களான எங்கள் மேசைக்கு வரும், ஈறு வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு. என்ன சாப்பிட்டது என்று கேட்டால் "தயிர்சாதம்தான் டாக்டர், வேற எதுவும் இல்ல" என்கிறார்கள். இன்னும் நாலு கேள்வி கேட்டால்தான் முழுக் கதையும் வருகிறது: போன வாரம் எலி கொண்டுவந்தது, துடைப்பத்தால் அடி வாங்கியது, "எலியையே தின்னுக்கட்டும்" என்று இரண்டு நாள் சோறு நிறுத்தப்பட்டது. இந்த மழைக்கும் இதே கதைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை உண்பது சின்னச் சின்ன இரை. ஒரு சுண்டெலியில் 30 கிலோகலோரி அளவுதான் இருக்கும்; ஒரு நாளை ஓட்ட எட்டு, பத்து வேண்டும். பாயும் முயற்சிகளில் பலவும் தவறிப்போகும். பசி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த பூனை பிழைத்திருக்காது. எதிரில் அசைவது எதுவானாலும் உடனே பாய்வது அதன் உடம்பில் ஊறிய பழக்கம். வயிறு நிறைந்த பூனையும் பாயும். கருத்தடை செய்த பூனையும் பாயும்.

பட்டினி போட்டால் நடப்பது வேறு. பூனை வீட்டைவிட்டுத் தள்ளிப் போகும், குப்பைத்தொட்டியைக் கிளறும், எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைத் தின்னும். எந்த எலி சுலபமாகக் கிடைக்கும்? யாரோ வைத்த எலி மருந்தைத் தின்றுவிட்டுத் தள்ளாடும் எலி. நன்றாகத் தின்ற பூனை அதைத் தட்டி விளையாடிவிட்டுப் போட்டுவிடக்கூடும். பசித்த பூனை குடல், ஈரல் உட்பட முழுதாகத் தின்னும். விஷம் இருப்பதும் அங்கேதான்.

அப்படியென்றால் வீட்டுக்கு ஏன் கொண்டுவருகிறது? நமக்கு அன்புப் பரிசு என்கிறார்கள் சிலர், நமக்கு வேட்டை சொல்லித்தருகிறது என்கிறார்கள் சிலர். தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும் பிறகு உயிருள்ளதையும் கொண்டுவந்து பழக்குவது உண்மை. ஆனால் குட்டியே போடாத பெண் பூனையும், ஆண் பூனையும் கொண்டுவருகின்றனவே! எளிய விளக்கம் போதும்: வேறு பூனையோ நாயோ பிடுங்காத இடத்துக்கு இரையைத் தூக்கிவருகிறது. அந்த இடம் உங்கள் வீடு. வீட்டு உணவு இன்னும் ருசி என்பதால் வந்ததும் இரையைப் போட்டுவிடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்தபோது, பிடித்த இரையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் வீட்டுக்கு வந்தது. ஏறத்தாழ பாதி, பிடித்த இடத்திலேயே கிடந்தது. உங்கள் கண்ணில் படாதது அதிகம் என்று பொருள். அடித்தால் பூனை வேட்டையை நிறுத்தாது, கொண்டுவருவதை மட்டும் நிறுத்தும். என்ன தின்றது என்று நமக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

வாயிலிருந்து பிடுங்கப் போகாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும், இல்லையென்றால் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். கொஞ்சம் கருவாட்டையோ மீனையோ தள்ளி வையுங்கள். இரையைப் போட்டுவிட்டு வரும். பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கையுறை அல்லது பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் எலியை எடுக்க வேண்டும். எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். உலர்ந்த தரையைப் பெருக்காமல், பிளீச் கலந்த தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று விட வேண்டாம்.

எலி மருந்தில் பல வகை உண்டு. புரோமாடியோலோன் கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அறிகுறி தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம். அதனால்தான் எலியையும் நோயையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஒரே ஒரு எலியால் பெரும்பாலும் பாதிப்பு வராது. அடிக்கடி தின்பதும், கேக்கையே கடிப்பதும்தான் ஆபத்து. இதற்கு மருந்து வைட்டமின் கே1, மூன்று நான்கு வாரம் விடாமல். நான்காம் நாள் பூனை துள்ளுகிறது என்று நிறுத்திவிட்டு, மறுபடி ரத்தம் கசியத் தூக்கிவருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஜிங்க் பாஸ்பைடும் மஞ்சள் பாஸ்பரஸ் பசையும் வேறு மாதிரி, அவற்றுக்கு முறிமருந்து கிடையாது. பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். உப்பே பூனையைக் கொன்றுவிடும். பாராசிட்டமால் பாதி மாத்திரைகூட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மருந்தின் அட்டையையோ படத்தையோ எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ நேராக வாருங்கள்.

பல்லி பற்றி ஒரு வார்த்தை. பல்லிக்கு விஷமில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஈரல் தட்டைப்புழு பூனையின் பித்தநாளத்தில் குடியேறும். பல்லி தின்னும் பூனை இளைத்து, வாந்தி எடுத்து, காது மடல் மஞ்சளாகத் தெரிந்தால், பல்லி தின்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் வாங்கும் பூச்சி மாத்திரை ஒரு வேளை கொடுத்தால் இந்தப் புழு சாகாது. பிராசிகுவான்டல் மருந்தைக் கூடுதல் அளவில், சில நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

வேட்டையை அடியோடு நிறுத்த முடியாது; குறைக்க வழி, இறைச்சி மிகுந்த நல்ல உணவும் விளையாட்டும்தான். 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து, பத்து நிமிட விளையாட்டால் 25 சதவீதம் குறைந்தது. மணி கட்டியதால் குறிப்பிடும்படி பலன் இல்லை. நான்கு கிலோ பூனைக்கு நாளைக்கு 200 முதல் 250 கிலோகலோரி வேண்டும், அதுவும் மீனோ கோழியோ பூனைத் தீவனமோ. பூனைக்கு அவசியமான, இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து தயிர்சாதத்தில் போதாது. கண்ணும் இதயமும் கெடும். கயிற்றில் இறகு கட்டி இழுத்து, கடைசியில் அதைப் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். கயிற்றை எடுத்துப் பூட்டிவிடுங்கள், விழுங்கிய நூல் குடலை அறுக்கும்.

விடியலிலும் அந்தி நேரத்திலும் பூனையை உள்ளே வையுங்கள். அடுக்ககச் சங்கம் எலி மருந்து வைக்கப்போகிறது என்றால் எந்த மருந்து, எங்கே, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். செத்த எலிகளைத் தினமும் காலையில் யார் அப்புறப்படுத்துவார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.