அகச்சிவப்புப் படம் வெப்பப்படம் அல்ல

இலையெல்லாம் வெளுத்து, வானம் கறுத்துக் கிடக்கும் கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்தவை. இவற்றை ‘வெப்பப்படம்’ என்று எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போதாக்குறைக்கு, மரம் வெளிவிடும் வெப்பம்தான் வெள்ளையாகப் பதிகிறது என்று விளக்கமும் சேர்த்துவிடுகிறார்கள். பெயரும் தப்பு, விளக்கமும் தப்பு.

‘இன்ஃப்ரா’ என்றால் லத்தீனில் கீழே. அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே உள்ளது என்று பொருள். தமிழில் அகச்சிவப்பு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கீழ்ச்சிவப்பு’ இன்னும் நெருக்கம்தான். ஆனால் பாடநூல்களில் அகச்சிவப்பு, புற ஊதா என்ற இணை வேரூன்றிவிட்டது. அதை இப்போது பிடுங்கி நட வேண்டியதில்லை.

வெப்பம் இதில் எப்படி ஒட்டிக்கொண்டது? 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் வெப்பநிலை ஏறியது. கண்டுபிடித்த கருவி வெப்பமானி என்பதால் அகச்சிவப்பு என்றாலே வெப்பம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

ஆனால் அகச்சிவப்பு மிக அகலமான பட்டை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்தில் முடிகிறது. ரோலை (Rollei) என்ற பெயரில் வரும் இன்ஃப்ராரெட் ஃபிலிம் சுமார் 820 வரை பதியும். 2007இல் நிறுத்தப்பட்ட கோடாக்கின் ஹெச்ஐஇ ஃபிலிம் கூடச் சுமார் 900 வரைதான். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் மரமும் மனிதரும் வெளிவிடும் கதிரின் உச்சமோ 10,000 நானோமீட்டர் பக்கம். அது இந்த ஃபிலிமுக்கு எட்டவே எட்டாது. இருட்டறையில் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துப் படமெடுங்கள், ஒன்றும் பதியாது.

ஃபிலிமில் விழுவது சூரியனிலிருந்து வந்து பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளி. பச்சையம் சிவப்பை விழுங்கும். சிவப்பை ஒட்டியுள்ள அண்மை அகச்சிவப்பை விட்டுவிடும். இலைக்குள் இருக்கும் செல் அடுக்குகள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, அதனால்தான் இலை வெளுக்கிறது. நீல வானத்திலிருந்து இந்த ஒளி மிகக் குறைவாகவே சிதறி வருவதால் வானம் கறுக்கிறது. நிழலைப் பாருங்கள்: எல்லாப் புகைப்படத்திலும் போலக் கறுப்பாகத்தான் விழுந்திருக்கும்.

வேலைமுறையும் ஒளியைப் பிடிக்கும் வேலைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் பார்வைக்குக் கிட்டத்தட்ட கறுப்பு. அதனால் கேமராவை முக்காலியில் நிறுத்தி, காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, லென்ஸில் அகச்சிவப்புக் குறி இருந்தால் அதற்கேற்பச் சற்றே நகர்த்தி, அப்புறம்தான் ஃபில்டரைப் பொருத்துவார்கள்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வெப்பப்படம் நல்ல சொல். உடலின் சூட்டையும் சுவரில் கசியும் வெப்பத்தையும் காட்டும் கருவிகளின் படங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அவற்றை என்னவென்று சொல்வது? ‘அண்மை அகச்சிவப்பு ஃபிலிம்’ என்று எழுதினால் போதும். ஃபிலிம், ஃபில்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தப்பான பொருள் தரும் தூய தமிழைவிடச் சரியான பொருள் தரும் கடன்சொல் எனக்கு மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது. இலை வெளுப்பதற்கு ‘வுட் விளைவு’ என்று பெயர். 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் நினைவாக வந்தது. அதையும் ‘மர விளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். படத்தில் மரம் இருப்பதால் படிப்பவருக்குச் சந்தேகமே வராது, அந்த மனிதரின் பெயர் காணாமல் போவதும் தெரியாது.