மெஷினில் கை மாட்டினால், மருத்துவமனையில் என்ன சொல்ல வேண்டும்?

அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கத்துப் பட்டறைகளில் அடிபட்டவர்களுக்காகத்தான் நான் அதிகம் வழக்கு நடத்துகிறேன். பெரும்பாலும் பவர் பிரஸ்ஸில், அதாவது உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினில், விரல் போனவர்கள். இந்த வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது ஏ.ஆர். காப்பியை. அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்களே, அதன் நகல்.

அண்மையில் வந்த ஒன்றில் "வீட்டில் கதவிடுக்கில் விரல் நசுங்கியதாகக் கூறப்படுகிறது" என்று இருந்தது. அடிபட்டவர் 26 வயது பிரஸ் ஆபரேட்டர். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. டாக்டரிடம் பேசியவர், கூட வந்த சூப்பர்வைசர். "போலீஸ் கேஸ் ஆனா ட்ரீட்மென்ட் லேட் ஆகும், செலவை ஓனர் பாத்துக்குவார்" என்று வழியிலேயே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியை முறியடிக்க, உடன் வேலை பார்த்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்கும் பிழைப்பு அங்கேதானே, எப்படி வருவார்கள்?

ஆகவே டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். முடியாவிட்டால், வீட்டார் வந்தவுடன் உண்மையைச் சொல்லிப் பதியச் சொல்லட்டும். எந்தக் கம்பெனி, எந்த மெஷின், எத்தனை மணி: மூன்றும் பதிவாக வேண்டும். போலீஸ் நடைமுறையைக் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது.

விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனியும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வந்தால், சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. கம்பெனியின் விபத்துப் புத்தகத்தில் பதிவானதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட அன்று மாலையில் அவசரமாக இ.எஸ்.ஐ. நம்பர் போடும் முதலாளிகளும் இருக்கிறார்கள். முன்பிருந்தே வேலை பார்த்ததற்கு ஜிபே-யில் வந்த சம்பளம், ஷிப்ட் போடும் வாட்ஸ்அப் குரூப் எல்லாமே சாட்சி. ஒன்றையும் அழிக்காதீர்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதுவும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. பழைய சட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன். கூலி எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 வரைதான் கணக்கில் வரும். அதில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 26 வயதுக்கு அது 215.28. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 விழுக்காடு இழப்பு. ஆக 3,87,504 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. போடாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்கவே வருஷக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

அந்த 20 விழுக்காட்டோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட ஒரு தச்சருக்கு, இனித் தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் நூறு விழுக்காடு இழப்பு என்று கொடுத்த தீர்ப்பை 1975இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் தொழிலை இனி உங்களால் செய்ய முடியுமா என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

"உன் கவனக்குறைவுதான்" என்பார்கள். வெறும் கவனக்குறைவால் இழப்பீடு போய்விடாது. குடித்திருந்தது, வேண்டுமென்றே உத்தரவை மீறியது, பாதுகாப்புக் கவசத்தைத் தானே கழற்றியது போன்றவைதான் விலக்கு. அதுவும் உயிரிழப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் பொருந்தாது. புரொடக்‌ஷன் குறைகிறது என்று முதலாளியே சென்சாரைக் கழற்றி வைத்திருந்தால், அந்தப் பொறுப்பு அவருடையது. காண்டிராக்டர் மூலம் சேர்ந்தவர்களும் முதன்மை முதலாளியிடமே கேட்கலாம்.

விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டு மனு போட்டுவிடுங்கள். வக்கீல் பீஸ் கட்ட வழியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100க்கு போன் செய்யலாம்.