நடவாள் எந்தப் பக்கம் நகர்வார்? காமிக்ஸ் வரையத் தொடங்குபவர்களுக்கு

காமிக்ஸ் பக்கம் ஒன்றில் நடவு வயல். நான்கு பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். புடவைச் செருகல், சேற்றுத் தண்ணீரில் விழும் நிழல் எல்லாம் அருமை. ஆனால் நட்ட பயிர் அவர்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது! நடவாள் பின்னோக்கித்தான் நகர்வார். நட்டது கண்முன்னே இருக்கும், நடாத சேறு முதுகுக்குப் பின்னால். இடக்கையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), நடுவது வலக்கை. திருவாரூர்ப் பக்கத்து வாசகர் இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார், அதோடு கதை போயிற்று. இதைச் சுட்டிக்காட்ட ஓவியர் வேண்டாம், சேற்றில் இறங்கிய எவரும் போதும். அவரிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

காட்டுவதற்கு ஒரு பருவம் உண்டு. மை போட்டு முடித்த பக்கத்தில் யார் குறை சொன்னாலும் கோபம் வரும். ஏழெட்டு மணி நேர உழைப்பு அது. அதனால் முன்வரைவிலேயே காட்டிவிடுங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, 5 × 7 செ.மீ. அளவில் ஒரே பக்கத்தை மூன்று நான்கு விதமாகக் கிறுக்குங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பார்ப்பவரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நம்மூரில் அதற்கு “சூப்பர்” என்ற ஒரே பதில்தான். “என்ன நடக்குதுன்னு சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் திணறுகிறாரோ, எந்தக் கட்டத்திலிருந்து கண்ணைத் திருப்பிப் பழைய கட்டத்துக்குப் போகிறாரோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தோன்றினால், படத்தில் வர வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலான திணறல் வசனக் குமிழியில்தான் வரும். படத்தை முடித்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் வசனத்தைத் திணிப்பார்கள். “சொல்லிக்கொண்டிருந்தேன்” போன்ற ஒரு சொல்லே குமிழியின் அகலத்தை விழுங்கிவிடும். முதலில் வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழி போட்டு, பிறகு ஆட்களை நிறுத்துங்கள். முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருக்கட்டும். அவர் வலப்பக்கம் நின்றே ஆக வேண்டுமென்றால் அவருடைய குமிழியையாவது மேலே ஏற்றுங்கள். மேல் வரி ‘நூறு’வின் கால் கீழ் வரி ‘கிணறு’வின் கொக்கியில் இடிக்கும், எழுத்து 4 மி.மீ. உயரம் என்றால் வரிகளுக்கு நடுவே இன்னொரு 4 மி.மீ. விடுங்கள்.

அடுத்தது கோட்டின் தடிமன். ஏ3 தாளில் வரைந்து ஏ4 அளவில் அச்சிட்டால் எல்லாம் 71 விழுக்காடாகச் சுருங்கும். 0.3 மி.மீ. கோடு 0.2 ஆகும். 0.05 மி.மீ. முனைப் பேனாவால் இழைத்த முடியும் மீசையும் அச்சில் காணாமல் போய்விடும். அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை.

ஒரு கதையிலிருந்து எந்த நொடியை வரைவது என்பதைத்தான் கற்றுக்கொள்வது கடினம். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். நாயன்மார் கதைகள் அங்கே சின்னச் சின்னக் கற்பலகைகளாக இருக்கின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையில் சிற்பி எடுத்துக்கொண்டது, முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் அந்த ஒரு நொடி. முன்கதை முழுக்கப் பார்ப்பவர் மனத்தில் ஓடிவிடுகிறது. ஒரு பலகை முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து, எதையெல்லாம் அவர் செதுக்காமல் விட்டார் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் இது பிடிபடாது.

பயிற்சிக்குக் கும்பகோணம் பேருந்து நிலையம் போதும். ஆள் ஒன்றுக்கு 30 நொடி, நாளைக்குப் பத்து உருவம், பேனாவால், அழிக்காமல். முகத்தை விட்டுவிடுங்கள், இடுப்பும் தோளும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது மட்டும் வந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எழுபது வரைவதை இதற்கு ஈடாகக் கொள்ள முடியாது, இருபதைத் தாண்டியதும் கை பழைய உருவத்தையே திருப்பிப் போடும். பயிற்சி தொடங்குபவர்களுக்கு மட்டுமல்ல. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்த ஓவியர் கோபுலு, பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகினார். அப்போதே அவர் பத்திரிகை உலகில் பெரும்பெயர். அந்தப் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு முதல் கோட்டிலிருந்து தொடங்க எவ்வளவு மனம் வேண்டும்!

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தொல்லை உண்டு. ஈரக்காற்றைக் குடித்த தாளில் மை நூல் நூலாகப் பரவும். கை நடுங்கிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு மை தொடுங்கள். சித்திரை வெயிலில் தொல்லை உள்ளங்கை வியர்வை. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொண்டால் போதும்.