தலை நிற்காத குழந்தையைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

கல்யாணப் படங்களில் கை தேர்ந்தவர்கள் பலர் இப்போது பச்சைக் குழந்தை ஷூட் பக்கம் வருகிறார்கள். என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எந்த லென்ஸ் வாங்கலாம். அடுத்தது, கூடையும் குட்டித் தொப்பியும் எங்கே கிடைக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பத்து நாள் குழந்தையைத் தூக்கியிருக்கிறீர்களா? "அக்கா பையனைத் தூக்கியிருக்கேன்ண்ணா, அப்ப அவனுக்கு ஆறு மாசம்" என்பார்கள்.

ஆறு மாதக் குழந்தை வேறு, பத்து நாள் குழந்தை வேறு. பத்து நாளில் தலை நிற்காது. உடம்புச் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. மூக்கு துணியில் அழுந்தினால் தானாகத் திருப்பிக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் செலவு செய்வதற்கு முன், சொந்தத்தில் யாருக்காவது பிரசவம் ஆகியிருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு காலை நேரம் போங்கள். பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவதைப் பாருங்கள். தலையையும் பிடரியையும் அவர் எப்படித் தாங்குகிறார், திருப்பும்போது எந்தக் கை முதலில் போகிறது என்று கவனியுங்கள். அந்தப் பிடி வந்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதி வந்த மாதிரி. வீட்டில் பழக ஒரு பெரிய துணிப் பொம்மைக்குள் அரிசியைக் கட்டி மூன்று கிலோ எடைக்குக் கொண்டு வாருங்கள். அதைத் துணியில் சுற்றுவது, தூக்குவது, கீழே வைப்பது எல்லாம் யோசிக்காமல் வரும்வரை பழகுங்கள். படமெடுக்கும் இடத்தில் பாட்டிமார் யாராவது "உரம் விழுந்துடும்ப்பா, விடு" என்று சத்தம் போட்டால் விட்டுவிடுங்கள். உரம் என்று டாக்டர்கள் ஒன்றைச் சொல்வதில்லை, சரி. ஆனால் தப்பான பிடியைக் கண்டதும் வருகிற குரல் அது.

இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள்: முழங்கைகளை ஊன்றி, இரண்டு கைகளிலும் மோவாயைத் தாங்கியபடி குழந்தை தூங்கும். இதைத் தவளை போஸ் என்கிறோம். எந்தப் பச்சைக் குழந்தையும் அப்படித் தானாக இருக்காது. அது குறைந்தது இரண்டு படங்களின் ஒட்டு. ஒரு படத்தில் உதவியாளர் உச்சந்தலைப் பக்கம் விரல் வைத்துத் தலையைத் தாங்கியிருப்பார். அடுத்ததில் தலையை விட்டு, மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பார். பிறகு போட்டோஷாப்பில் இரண்டையும் சேர்த்து விரல்களை அழித்துவிடுவார்கள். எடுத்த நேரம் முழுக்க யாரோ ஒருவர் கை குழந்தைமேல் இருந்திருக்கும். மரக்கிளையில் துணி கட்டித் தொங்குகிற படமும் அப்படித்தான். குழந்தை மெத்தையில் படுத்திருக்கும், கிளை தனியாக எடுத்ததாக இருக்கும். இது தெரியாமல் முடிந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே மாதிரி உட்கார வைத்துக் கையை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் போனை வைத்துக்கொண்டு முயற்சி செய்கிறார்கள். அவர்களிடம் நான் அந்த ஒட்டுவேலையைத் திறந்து காட்டிவிடுவேன். தொழில் ரகசியம் என்று மூடி வைக்கிற விஷயம் அல்ல இது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் ஒரு வருடமாவது தவளை போஸை நினைக்கவே வேண்டாம்.

பயிற்சி இல்லாதவர்களுக்குக் குழந்தை மல்லாந்து படுத்திருப்பதும், பெரியவர் மடியில் இருப்பதும் போதும். அதற்குள் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. சுருங்கிய உள்ளங்கால், காது மடலில் இன்னும் உதிராத பூனை முடி, அப்பாவின் ஒற்றை விரலைப் பிடித்த பிடி.

கூடை, பானை, வாளி என்று எதற்குள் வைத்தாலும் இரண்டு விஷயங்கள். ஒன்று, மோவாய் நெஞ்சில் படக்கூடாது. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஒடுக்கம், மென்மை. தலை முன்னால் மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு தடைப்படும். அழவும் அழாது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் விரல் தாராளமாக நுழையவேண்டும். இரண்டு, திடுக்கிடல். சின்னச் சத்தத்துக்குக்கூட இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப்போடும். மாதக் கணக்கில் இந்த அனிச்சை இருக்கும். ஆழமில்லாத தட்டிலோ ஸ்டூல்மேலோ இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு துள்ளல் போதும், சரிந்துவிடும். எதை வைப்பதானாலும் தரையில் வையுங்கள், அடியில் கனம் போடுங்கள், கை எட்டும் தூரத்தில் ஆள் உட்காரட்டும். கண்ணாடி ஜாடியும் மண்பானையும் வேண்டவே வேண்டாம்.

தூளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கிடைக்கிற அழகான படங்களில் அதுவும் ஒன்று. அம்மாவின் பழைய காட்டன் புடவையில் தூளி கட்டி, பின்னால் ஜன்னல் இருந்தால் துணியே விளக்குக் கூண்டு மாதிரி ஒளிரும், உள்ளே குழந்தையின் உருவம் மங்கலாகத் தெரியும். ஆனால் தூளியில் முதுகு வளைந்து தலை மடங்குவது எளிது. நான் எடுக்கும்போது புடவையை நன்றாக அகலமாகப் பிரித்து, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில்தான் கட்டச் சொல்வேன். பாட்டி அடியில் கை கொடுத்து உட்கார்ந்திருப்பார், முகம் மூடாமல் இருக்கும். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டு குழந்தையை வெளியே தூக்கிவிடுவோம். பாட்டியின் கையும் படத்தில் விழுந்தால் விழட்டும். எத்தனையோ வீடுகளில் பிறகு பெரிதாகப் பிரிண்ட் போடுவது அந்தக் கை விழுந்த படத்தைத்தான்.

வெளிச்சத்துக்கு ஸ்டுடியோ விளக்கு தேவையில்லை. நேர்வெயில் விழாத பெரிய ஜன்னல் ஒன்று போதும். அதன்மேல் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் ஒளி மெத்தென்று வரும். எதிர்ப்பக்கம் ஸ்டேஷனரி கடையில் வாங்கின தெர்மாகோல் அட்டையை வைத்தால் நிழல் இளகும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில். ஒளி உச்சியிலிருந்து மூக்கு வழியாகக் கீழே இறங்க வேண்டும். கால் பக்கமிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறும், டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்த மாதிரி முகம் விகாரமாகிவிடும். குழந்தையை அப்படியே அரைவட்டம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பச்சை, ரோஸ் சுவர்கள் தோலில் சாயம் ஏற்றும், அந்த வீடுகளில் சுவரை விட்டுத் தள்ளி வந்து வெள்ளை விரிப்பு போடுங்கள்.

கேமரா விஷயம் சின்னது. எந்த ஆரம்பநிலை கேமராவும், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் போதும். லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து 1.8-லேயே எடுக்காதீர்கள், கண் இமை தெளிவாக இருக்கும், மூக்கு மங்கிவிடும். எஃப் 2.8 முதல் 4, ஷட்டர் 1/160 பக்கம், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறினாலும் பரவாயில்லை. மேலிருந்து எடுக்கும்போது ஸ்ட்ராப் கழுத்தில் இருக்கட்டும். லென்ஸ் மூடி, ஹூட், சட்டைப் பையில் பேனா என எதுவும் கீழே விழக்கூடியதாக இருக்கக்கூடாது. பிளாஷ் கண்ணைக் கெடுக்கும் என்று வீட்டில் பயப்படுவார்கள். சாதாரண கேமரா பிளாஷால் குழந்தையின் பார்வை கெடுவதில்லை என்பதுதான் கண் மருத்துவர்கள் சொல்வது. ஆனாலும் முகத்துக்கு நேரே அடித்தால் குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாக இருக்கும். வீட்டாரின் பயத்தோடு வாதாடுவதைவிட ஜன்னலோரம் போய்விடலாம்.

யூடியூபில் அறையை ஹீட்டர் போட்டுச் சூடாக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுப் பாடம். பிரசவ அறைக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்வது 25 முதல் 28 டிகிரிதான். சென்னையிலும் மதுரையிலும் வருடத்தில் பாதி நாள் நம் அறை அதற்கு மேலே இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஹீட்டர் சரி, அதையும் தள்ளி வையுங்கள். நமக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம்: மே மாத மதியத்தில் கம்பளித் தொப்பியும் இறுக்கிச் சுற்றிய துணியுமாக வேர்த்துக் கிடக்கும் குழந்தை. நெஞ்சிலும் பிடரியிலும் புறங்கை வைத்துப் பாருங்கள். கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரி ஈரமாக இருந்தால் துணியைக் கழற்றுங்கள். துணி சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கக்கூடாது, இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். தவளைக்கால் மாதிரி மடங்கி விரிய இடம் விட வேண்டும்.

வெளிநாடுகளில் 5 முதல் 14 நாளுக்குள் எடுப்பது வழக்கம். அந்த நாட்களில் குழந்தை நன்றாகத் தூங்கும், சுருண்டு கிடக்கும். நம்மில் பல வீடுகளில் முப்பது நாள் கழியாமல் வெளியாள் உள்ளே வரக்கூடாது. அதை மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். கக்குவான் இருமலுக்கான முதல் ஊசியே நம் அட்டவணையில் 6 வாரத்தில்தான் வருகிறது. அதுவரை வெளியாள் கூட்டம் குறைவாக இருப்பது குழந்தைக்கு நல்லதுதான். முப்பது நாளுக்கு மேல் தூக்கம் குறையும், முகத்தில் சின்னப் பருக்கள் வரும், ஆனால் கண் திறந்து பார்க்கும். அதற்கேற்ற படம் எடுங்கள். உங்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல் எது இருந்தாலும் அன்றைக்கு ஷூட் கிடையாது, அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும். மோதிரம், கடிகாரம் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, நம் தொழிலுக்கே உரியது. நிறத்தை நாம் பார்க்கிற மாதிரி வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரில் திறந்ததும் குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால், மஞ்சளைக் குறைக்கிற பட்டன் பக்கம் கை போவதற்கு முன் அதே படத்தில் இருக்கும் வெள்ளைத் துணியைப் பாருங்கள். துணியும் மஞ்சள் என்றால் சுவரோ விளக்கோ காரணம். துணி வெள்ளையாக இருந்து குழந்தை மட்டும் மஞ்சள் என்றால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம். பிறந்து இரண்டு மூன்று நாளில் லேசாக மஞ்சள் வந்து, இரண்டு வாரத்துக்குள் போவது நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. மாநிறக் குழந்தைகளிடம் முகத்தில் அது எளிதில் தெரியாது. கண்ணின் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் பார்க்க வேண்டும். உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் படத்தைப் பிறகு பார்க்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பயமுறுத்தாமல், "கால் கொஞ்சம் மஞ்சளா இருக்கற மாதிரி படுதும்மா, இன்னைக்கே ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொன்னால் போதும். நோயின் பெயர் சொல்வது நம் வேலையில்லை.

நிறம் என்றதும் அடுத்த தொல்லை ஞாபகம் வருகிறது. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க தம்பி" என்று சித்தியோ மாமியோ கேட்பார்கள். ஏற்றாதீர்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் அழிக்காதீர்கள். பால் கொப்புளம், கீறல் மாதிரி நாலு நாளில் போகிறவற்றை எடுக்கலாம், மச்சத்தை விட்டுவிடுங்கள். இடது தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரங்களில் சின்னதாகப் புடைக்கும். அதன்மேல் கை அழுந்தாமல் தூக்குங்கள்.

சாம்பிராணிப் புகை ஜன்னல் வெளிச்சத்தில் பிரமாதமாக விழும். அதற்காகவே "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க" என்று கேட்கிற போட்டோகிராபர்களை எனக்குத் தெரியும். அந்த நுரையீரலுக்குப் புகை எந்த உருவத்திலும் ஆகாது. வீட்டில் போடுகிறார்கள் என்றால் அது அவர்கள் வழக்கம், நாம் கேட்டு வாங்கக்கூடாது. உருளியில் மல்லிகை நிரப்பி நடுவில் குழந்தையை வைப்பது இப்போது எல்லோரும் செய்கிறார்கள். பூவில் எறும்பு இருக்கும். உதறிப் பார்த்து, வெள்ளைத் துணியில் சிறிது நேரம் பரப்பி வைத்து, குழந்தைக்கும் பூவுக்கும் நடுவே ஒரு துணி போடுங்கள். கண்ணன் வேஷத்துக்கு முத்துமாலை, ஜிகினா, உச்சிக்குழியை அழுத்தும் கிரீடம் எதுவும் வேண்டாம். ஒரு மயிலிறகு பக்கத்தில் கிடந்தாலே கண்ணன்தான்.

அம்மாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பச்சை உடம்புக்காரி. சிசேரியன் என்றால் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லாதீர்கள், நிமிர்ந்த நாற்காலியும் முதுகுக்குத் தலையணையும் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை பால் கேட்கும், அதற்கு நடுவிலும் கேட்கும். பால் கொடுக்கும் நேரம் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள், கேமராவும் உங்களோடு வரட்டும். ஏப்பம் விட்டு, கக்கி, துணி மாற்றித் திரும்ப வரும்வரை காத்திருங்கள். அரை நாளுக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் போனால்தான் அவசரம் வராது. குறைமாதக் குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சரி என்ற பிறகு, மடியில் வைத்து மட்டும்.

படங்களைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பேசிவிடுவேன். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், எந்தெந்தப் படம் என்பதையும் சேர்த்து. துணியில்லாத படம் எதையும் அவர்களே சரி என்றாலும் நான் பொதுவில் போடுவதில்லை. இரண்டாவது, குப்புறப் படுத்த படம் அதில் ஒன்று இருந்தாலும், அது விழித்திருந்த நான்கு பெரியவர்கள் நடுவில் எடுத்தது, வீட்டில் தூங்கப் போடுவது எப்போதும் மல்லாக்கத்தான் என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஆல்பத்தின் அந்தப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்தும் கொடுக்கலாம், டிசைன் கெட்டுப்போகாது.