ஆண்டடுக்கு: ‘வார்வ்’ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும் தமிழும்

வடபுல ஏரிகளின் அடிச்சேற்றிலிருந்து பண்டைக் காலநிலையை மீட்டறியும் ஆய்வாளர்கள் நாள்தோறும் புழங்கும் சொல் ‘வார்வ்’. ஏரியின் அடியில் ஓர் ஆண்டுக்குள் படிந்த வண்டல் முழுவதையும், வேனிலில் படிந்த பகுதியையும் குளிர்காலத்தில் படிந்த பகுதியையும் சேர்த்து, ஒரே அலகாக அச்சொல் குறிக்கிறது. இதை ‘வண்டல் அடுக்கு’ என்றோ ‘படிவுப் படலம்’ என்றோ தமிழில் எழுதினால் பொருள் ஓரளவு விளங்கும். ஆனால் சொல்லின் உயிர்நிலையான ஆண்டு அதில் விடுபட்டுப் போகும். ‘ஆண்டடுக்கு’ என்பதே இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் என்பது என் துணிபு. அதற்கான காரணம் சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இது சுவீடிய மொழிச் சொல். அம்மொழியில் ‘வார்வ்’ என்றால் சுற்று, சுழற்சி, ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் அடுக்கு என்று பொருள். பந்தயக் களத்தை ஒருமுறை ஓடிச் சுற்றி வருவதும் அவர்களுக்கு ஒரு வார்வ்தான். திரும்புதல் என்னும் பொருளுடைய பழைய நார்டிக் வினையோடு உறவுடைய சொல் அது. தமிழில் உள்ள ‘வரி’, ‘வரை’ ஆகியவற்றோடு அதன் ஒலி நெருங்கி நிற்பது தற்செயலானது. அதை வைத்து உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சிக்கு நன்மை செய்யாது. சுவீடன் நாட்டு நிலவியல் அளவைத் துறை 1862-இல் வெளியிட்ட தன் முதல் நிலப்படத்திலேயே, கோடுகோடாகத் தெரியும் ஒருவகைக் களிமண்ணுக்கு ‘அடுக்குக் களி’ என்ற பொருளில் இச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தது. அப்போது அது நிறம் மாறும் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே குறித்தது. 1910-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு நிலவியல் மாநாட்டில், கெரார்ட் டி கீர் என்னும் சுவீடிய நிலவியலாளர் (1858–1943) இப்பொருளைத் திருத்தினார். வெளிர்பட்டை, கரும்பட்டை என்ற தனித்தனிக் கூறுகளுக்கு இனி அச்சொல் வேண்டாம், ஓராண்டில் படிந்த முழு அடுக்குக்கே அது உரியது என்று அவர் வரையறுத்தார். அந்த நாளிலிருந்து இது மண்ணின் தோற்றத்தைச் சொல்லும் சொல்லாக மட்டும் நில்லாமல், காலத்தை அளக்கும் அலகின் பெயராகவும் ஆயிற்று.

அந்த அடுக்கு எப்படி உருவாகிறது என்பதைக் கண்முன் நிறுத்திக்கொண்டால்தான் சொல்லின் பொருத்தம் விளங்கும். பனியாற்றின் முன்னே கிடக்கும் ஏரியொன்றில், வேனிலில் பனி உருகி ஓடிவரும் நீர் நுண்மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வந்து சேர்க்கிறது. பருமனான துகள்கள் விரைவில் அடியில் தங்கி வெளிர்நிறப் பட்டையாகின்றன. குளிர்காலம் வந்ததும் ஓடைகள் உறைகின்றன, ஏரியின் மேற்பரப்பும் உறைகிறது, காற்று நீரைக் கலக்க வழியில்லை. 2 மைக்ரோமீட்டர் பருமனுள்ள களித்துகள் ஒன்று அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்கவே மூன்று நாளுக்கு மேலாகும்; அதனினும் நுண்ணியவை வாரக்கணக்கில் மிதக்கும். வேனிலெல்லாம் நீரில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் களி, பனிப்பலகைக்குக் கீழே நிலவும் அமைதியில் மெல்ல இறங்கி, கரிய மெல்லிய பட்டையாக மேலே மூடுகிறது. அடுத்த வேனிலின் முதல் வெள்ளம் அதன்மேல் மீண்டும் வெளிர்வண்டலைப் பரப்பும்போது, ஓர் ஆண்டு முடிந்ததற்கு முத்திரை விழுந்துவிடுகிறது.

பனியாறு இல்லாத ஏரிகளில் வேறு பொருள்கள் இதே வேலையைச் செய்கின்றன. நடுப் பின்லாந்தின் ஏரிகள் பலவற்றில், இளவேனிற்காலப் பனியுருகல் வெள்ளம் கனிமத்துகளாலான ஒரு வெளிர்பட்டையை இடுகிறது. அதன்மேல் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பாசித்துகளும் இலைமக்கும் கரும்பட்டையாகச் சேர்கின்றன. அங்கு ஓராண்டின் அடுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இவ்வளவு மெல்லிய அடுக்கு குலையாமல் நிற்க வேண்டுமானால், அடிச்சேற்றைக் கிளறும் புழுவும் பூச்சிப் புழுக்களும் அங்கே இருக்கக் கூடாது. அதாவது ஏரியின் அடியில் ஆக்சிசன் அற்றுப்போயிருக்க வேண்டும். கோடையில் வற்றி வெடிக்கும் நம் ஏரிகளின் வண்டலில் இத்தகைய அடுக்கு நிலைக்காமல் போவதும், இதற்கென ஒரு சொல் தமிழில் முன்பே பிறக்காமல் போனதும் இதனால் இயல்பாகவே புரிகிறது.

இந்தச் சேற்றைக் குலைக்காமல் எடுப்பதே ஒரு கலை. உறைந்த ஏரியின்மேல் நின்று பனியில் துளையிட்டு, உலர்பனியும் சாராயமும் நிரப்பிய உட்புழையுள்ள உலோகக் கருவியைச் சேற்றில் இறக்கி வைப்பார்கள். சற்று நேரத்தில் குழைசேறு அதன் வெளிச்சுவரிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ள, மேற்பரப்பின் இந்த ஆண்டு அடுக்குகூடக் கலையாமல் மேலே வந்துவிடும். புதிதாக வெட்டிய முகத்தில் கரும்பட்டைகள் மையால் இழுத்த கோடுகள்போல் தெளிவாக நிற்கும். காற்றுப் பட்டதும் அவற்றிலுள்ள இரும்புச் சல்பைடு நிறம் மாறத் தொடங்குவதால், வெட்டிய கையோடு படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

டி கீருக்கு இத்தகைய கருவிகள் இல்லை. 1878-இல் ஸ்டாக்ஹோம் அருகே களிமண் அடுக்குகளைக் கண்ட அவர், அவை மரத்தின் ஆண்டு வளையங்களை ஒத்திருப்பதாக எண்ணினார். பின்னர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு செங்கற்சூளைக் குழிகள்தோறும் சென்று, நீண்ட காகிதப் பட்டையை மண்முகத்தில் ஒட்டிப் பிடித்து ஒவ்வோர் அடுக்கின் எல்லையையும் குறித்துக்கொண்டார். ஒரு குழியில் காணும் தடித்த, மெலிந்த அடுக்குகளின் வரிசையை அடுத்த குழியின் வரிசையோடு பொருத்தினார். கடைசிப் பனியூழியில் அந்நிலத்தை மூடியிருந்த பனிவிரிப்பு வடக்கே பின்வாங்கப் பின்வாங்க, புதிய அடுக்கின் அடி ஒவ்வோர் ஆண்டும் சற்று வடக்கே தள்ளித் தொடங்கியிருந்தது. கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த அந்த வரிசையே பனி விலகிய வேகத்தைக் காட்டியது. இவ்வரிசையை நிகழ்காலத்தோடு இணைக்க அவருக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று ராகுண்டா ஏரி. 1796 சூன் மாதத்தில் ஓர் இரவு, மரக்கட்டைகளை மிதக்கவிடுவதற்காக வெட்டிய கால்வாய் உடைப்பெடுத்து அந்த ஏரி சில மணி நேரத்தில் வடிந்துபோனது. வறண்டு கிடந்த அதன் படுகையில், ஏரி வடிந்த ஆண்டு தெளிவாகத் தெரிந்திருந்ததால், அங்கிருந்து பின்னோக்கி எண்ண முடிந்தது. அவருடைய மாணவர் ராக்னர் லிடேன், நிலம் இன்றும் உயர்ந்துகொண்டே இருக்கும் ஒங்கர்மான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்த எண்ணிக்கையைத் தொடர்ந்து செய்து 1938-இல் வெளியிட்டார்.

அடுக்கின் தடிமன் காலநிலையைச் சொல்லும் என்பது உண்மை. ஆனால் எல்லா ஏரியும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் வடகரையில் சி2 என்று பெயரிடப்பட்ட ஏரி ஒன்று இருக்கிறது. நிலம் உயர்ந்தபோது சிக்கிக்கொண்ட கடல்நீர் அதன் அடியிலும் நன்னீர் அதன் மேலும் கலவாமல் கிடப்பதால், 3,000 ஆண்டுக்கு மேற்பட்ட அடுக்குகள் அங்கே பழுதின்றிக் காக்கப்பட்டுள்ளன. அங்கு கோடை வெப்பம் மிகுந்தால் பனி மிகுதியாக உருகி, ஓடை பெருகி, அடுக்கு தடிக்கிறது. ஐஸ்லாந்தின் க்விட்டார்வாட்ன் ஏரியிலோ நிலை நேர்மாறு. அதன் அருகிலுள்ள லாங்யோகுல் பனிமுடி குளிர் மிகுந்த நூற்றாண்டுகளில் வளர்ந்து பாறையை அரைத்து ஏரிக்குள் தள்ளியதால், ‘சிறு பனிக்காலம்’ எனப்படும் குளிர்ந்த நூற்றாண்டுகளில்தான் அங்கே தடித்த அடுக்குகள் படிந்தன. ஆகவே தடிமனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், சேற்றிலுள்ள மகரந்தம், சிலிக்கா ஓட்டுப் பாசிகள், கொசுவை ஒத்த பூச்சிகளின் புழுத்தலை ஓடுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். ஒரே கோடையில் இரண்டு பெருமழை பெய்தால், ஆண்டடுக்கைப் போலவே தோன்றும் இரண்டு பட்டைகள் படிந்துவிடும். ஓர் ஆண்டின் அடுக்கு அரித்தும் போகலாம். சுவீடனின் புகழ்பெற்ற வரிசையிலேயே சில நூறு ஆண்டுகள் விடுபட்டிருப்பது பின்னாளில் தெரியவந்தது. கடல் கடந்த கண்டங்களின் அடுக்குகளையும் தடிமனை வைத்தே பொருத்திவிடலாம் என்று டி கீர் நம்பியதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. அணுகுண்டுச் சோதனைகளின் படிவு உச்சம் கண்ட 1963-இன் கதிரியக்கச் சீசியம், 1986 செர்னோபில் விபத்தின் சீசியம், ஐஸ்லாந்தின் அஸ்க்யா எரிமலை 1875-இல் தூவிய சாம்பல் ஆகியவை எதிர்பார்த்த அடுக்கில் அகப்படுகின்றனவா என்று பார்த்த பிறகே, இவை ஆண்டுதோறும் படிந்தவை என்று ஒப்புக்கொள்வர்.

பிற மொழிகள் இச்சொல்லை எவ்வாறு ஏற்றன என்பது நமக்கு வழிகாட்டும். பிரெஞ்சும் ஆங்கிலமும் சுவீடியச் சொல்லையே எடுத்துக்கொண்டன. பின்னியர் மரத்தின் ஆண்டு வளையத்துக்குரிய ‘லுஸ்தோ’ என்னும் தம் சொல்லையே களிமண்ணுக்கும் நீட்டினர். ஜப்பானியர் ‘நென்கோ’ என்று புனைந்தனர். ஆண்டு, கோடு என்னும் இரண்டு எழுத்துகளின் கூட்டு அது. சுய்கெட்சு ஏரியிலிருந்து எடுத்த 70,000 ஆண்டுகளுக்கான 45 மீட்டர் சேற்றை ஃபுகுயி மாவட்டத்தில் ஒரு தனி அருங்காட்சியகத்தில் வைத்து, அதற்கும் அச்சொல்லையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்.

தமிழில் ‘வரி’ என்பது கோட்டுக்கு நல்ல சொல். வரிப்புலியும் வரிக்குதிரையும் அதற்குச் சான்று. ஆயினும் ‘ஆண்டு வரி’ என்று எழுதினால் படிப்பவர் மனம் அரசுக்குக் கட்டும் வரிக்கே போகும். ‘ஆண்டு வளையம்’ மரத்துக்கு உரியது; ஏரியடியில் வளையம் இல்லை. ‘பருவப் படிவு’ என்பது டி கீர் 1910-இல் விலக்கிய பழைய பொருளுக்கே நம்மைத் திருப்பிவிடும். ‘ஏடு’ என் மனத்துக்கு மிக நெருக்கமான சொல். காய்ச்சிய பாலின்மேல் படரும் ஆடையும் ஏடு, எழுதிய ஓலையும் ஏடு. ஆனால் ‘ஆண்டேடு’ ஆண்டு நிகழ்ச்சிகளின் பதிவு நூலுக்கு ஆகிவிட்டது. எனவே பருவத்தில் படிந்த ஒற்றைப் பட்டையை ‘ஏடு’ என்றும், அத்தகைய ஏடுகள் சேர்ந்து நிறைந்த ஓராண்டை ‘ஆண்டடுக்கு’ என்றும் வழங்கலாம். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும் சொல்லும்போது ‘வரிக்களி’ என்பதும், எண்ணிப் பெற்ற கால வரிசைக்கு ‘ஆண்டடுக்குக் கணக்கு’ என்பதும் பொருந்தும். மெல்லிய பட்டைகள் உடைய சேறு எதையும் ஆண்டடுக்கு என்று எழுதிவிடக் கூடாது. ஆண்டு என்று மெய்ப்பிக்கப்படும் வரை அது ஏட்டுப் படிவு. உருசியாவின் சுக்கோத்காவில், 36 லட்சம் ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில் கிடக்கும் எல்கிகிட்கின் ஏரியின் சேற்றிலும் சில பகுதிகளில் நுண்பட்டைகள் உண்டு. ஆண்டுக்கு ஒன்றெனக் கொள்ளப்படாத அவற்றை ஏடுகள் என்றே குறிக்க வேண்டும்.