பேச வராத வாய் பாடுவது எப்படி?

பக்கவாதம் வந்து சில மாதமான ஒருவர். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. ஆனால் 'தண்ணி' என்ற ஒரு சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது. அவரிடம் சின்ன வயதில் பாடிய பாட்டின் முதல் வரியை யாராவது எடுத்துக்கொடுத்தால், அடுத்த வரியைச் சொல் பிசகாமல் பாடிவிடுகிறார்! வீட்டார் திகைத்துப்போகிறார்கள். 'பாட முடிகிறவருக்குப் பேச மட்டும் ஏன் முடியவில்லை?' என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. பாவம், அவர் நடிக்கவில்லை.

1745-லேயே ஸ்வீடனில் ஓலோஃப் டாலின் என்ற எழுத்தாளர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதிவைத்தார்: பேச்சு போய்விட்டது, தேவாலயப் பாடல்கள் மட்டும் வாயில் வருகின்றன. பிறகு 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா, பேச்சை உருவாக்கும் பகுதி மூளையின் முன்புறத்தில் இருப்பதைக் காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு அது இடப்பக்கம். பாட்டுக்கோ இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன, வலப்பக்கத்தின் பங்கு அதில் பெரிது. அதனால் இடப்பக்கத்துக்கு ரத்தம் போவது தடைபட்டுப் பேச்சு அடைபட்டாலும், பாட்டுக்கு வழி மிச்சம் இருக்கிறது.

அந்த வழியாகப் பேச்சைக் கொண்டுவர முடியுமா? 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவரும் இதற்கு ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். பார்ப்பதற்கு மிக எளிமையானது. சிகிச்சையாளர் எதிரே உட்கார்ந்து நோயாளியின் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். 'தண்-ணி-வே-ணும்' என்பதை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே சுரத்தில் முனகுகிறார். ஒவ்வொரு அசைக்கும் அந்தக் கையை மேசைமேல் ஒரு தட்டு. அப்புறம் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். இடது கையை இயக்குவது வலது மூளை. தட்டத் தட்ட அந்தப் பக்கமும் வேலைக்கு வரும் என்பது கணக்கு.

கலை என்றால் நோயாளியின் மனசுக்கு இதம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அது போதவில்லை. எந்தக் கலை, உடம்பின் எந்தக் குறைக்கு, எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

பார்க்கின்சன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துகொண்டே வருவதால், அடுத்த அடியை எப்போது வைப்பது என்று உள்ளிருந்து வரும் தாளம் தடுமாறுகிறது. நடந்துகொண்டே இருப்பவர் வாசற்படியருகே வந்ததும், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். அந்த நேரத்தில் வெளியிலிருந்து சீரான தாளம் ஒன்று காதில் விழுந்தால், பலருக்குக் கால் எழும்புகிறது. கை கால் அசையாமல் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலே மூளையில் அசைவுக்கான பகுதிகள் சுறுசுறுப்பாவதை ஸ்கேன் காட்டுகிறது. காதுக்கும் காலுக்கும் இடையே அவ்வளவு நெருக்கமான இணைப்பு. உள்தாளம் போன இடத்தில் வெளித்தாளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாவ்ட் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாளத்தோடு நடந்து பழகியவர்களுக்கு நடையின் வேகமும் எட்டின் நீளமும் கூடின. 2001-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், மார்க் மோரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் உள்ளவர்களுக்கென்றே நடன வகுப்பு தொடங்கியது.

வலியின் கதை வேறு. காயம் அனுப்பும் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை. பயம் அதைப் பெரிதாக்கும், கவனம் வேறு பக்கம் போனால் அது சுருங்கும். அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, அது நடக்கும்போதோ, முடிந்த பிறகோ இசை கேட்டவர்கள் பற்றிய 73 சோதனைகளைத் தொகுத்து 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வலி, பதற்றம், வலிமருந்தின் தேவை மூன்றும் குறைந்திருந்தன. மருந்துக்கு மாற்று என்று இதற்குப் பொருளில்லை, மருந்தோடு ஒரு துணை.

சரி, எல்லாவற்றுக்கும் கலை உதவுமா? இல்லை. ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் இசைச் சிகிச்சையைச் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டபோது அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தத் துறையை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலையைச் சோதிப்பதும் எளிதல்ல. போலி மாத்திரை கொடுத்து மருந்தைச் சோதிக்கலாம். போலிப் பாட்டு என்று எதைக் கொடுப்பது? தான் பாடுகிறோம் என்பது பாடுகிறவருக்குத் தெரியும்தானே.

பேச்சுப் பயிற்சியிலும் விவாதம் முடியவில்லை. உதவுவது ராகமா, தாளமா? தாளத்துக்கும், வாய் ஏற்கெனவே பழகிய சொற்றொடர்களுக்கும்தான் பெரும்பங்கு என்று 2011-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வாதிட்டது. எதுவானாலும் பயிற்சி ஒரே நாளில் பலிப்பதில்லை. கடினமான நிலையில் உள்ளவர்களுக்கு எழுபது, எண்பது அமர்வுகள்கூட ஆகும்.

அந்த அமர்வுகளில் பாட்டு மெல்ல மெல்லக் கழற்றப்படுகிறது. முதலில் சிகிச்சையாளர் பாதியில் குரலை நிறுத்திக்கொள்வார், மீதியை நோயாளி முடிப்பார். பிறகு சிகிச்சையாளர் பாடிய வரியை நோயாளி தனியாகத் திருப்பிப் பாடுவார். அதன்பின் 'என்ன வேணும்?' என்ற கேள்விக்குப் பதிலாக அதையே பாடுவார். கடைசிக் கட்டத்தில் சுரங்கள் தட்டையாகி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவிலான ஒரு குரலில் 'தண்ணி வேணும்' வெளியே வரும். இப்போது சிகிச்சையாளர் அந்தக் கையைப் பிடித்திருக்க மாட்டார். நோயாளியே தன் இடது கையால் தொடைமேல் நான்கு முறை தட்டிக்கொள்வார்.