முட்டையைக் கழுவும் முன் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

முட்டையை வாங்கி வந்ததும் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக் கழுவுவது நம் பக்கத்தில் பல வீடுகளில் வழக்கம். எச்சம் ஒட்டியிருந்தால் கழுவத்தான் தோன்றும். ஆனால் கழுவி எடுத்து வைத்த முட்டைதான் முதலில் கெடும். ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. முட்டை வெளியே வரும்போது மெல்லிய ஈரப் படலம் ஒன்று அதைப் போர்த்தியிருக்கும். சில நிமிடங்களில் அது காய்ந்து துளைகளை அடைத்துவிடும். தேய்த்துக் கழுவினால் அந்தப் படலம் போச்சு. அதிலும் பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளிருப்பது குளிர்ந்து சுருங்கி, ஓட்டின் மேலுள்ள அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எச்சத்தில் இருக்கும் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளும் அதோடு சேர்ந்து போகும். லேசான அழுக்கென்றால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் சமைக்கப் போகும் நேரத்தில் கழுவுங்கள்.

சரி, முட்டை ஏன் அழுக்காக வருகிறது, ஓடு ஏன் மெலிகிறது? கால்நடை மருத்துவராகப் பண்ணைகளுக்குப் போகும்போது நான் முதலில் எட்டிப் பார்ப்பது தீவனத் தொட்டியைத்தான்.

மன்னார்குடி பக்கம் ஓர் அம்மாவின் கோழிக் கொட்டகை. வியாபாரி முட்டையைத் திருப்பி அனுப்புகிறார், இரண்டே நாளில் நாறுகிறதாம். "கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகலை சார், பாதிக்குப் பாதி தவிடு கலந்துட்டேன். பார்க்க முட்டை நல்லாத்தானே இருக்கு?" என்றார் அந்த அம்மா. ஒரு முட்டையை உள்ளறை இருட்டுக்குக் கொண்டுபோய் செல்போன் வெளிச்சத்தில் பிடித்தோம். வெயிலில் முழுசாகத் தெரிந்த ஓட்டில், அகன்ற முனையிலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அடுத்ததில் கீறல் இல்லை, ஆனால் ஓடு திட்டுத்திட்டாக வெளுத்து ஒளியைக் கசியவிட்டது. இப்படிக் கீறல் விட்ட முட்டைக்குள் கிருமி நுழையத் துளையைத் தேட வேண்டியதே இல்லை.

கணக்கு எளிது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் அளவுக்குத் தின்னும். தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருந்தால் ஏறக்குறைய 4 கிராம் உள்ளே போகும், அதில் பாதிதான் உடம்பில் சேரும். தவிட்டில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். பாதிக்குப் பாதி கலந்தால் கோழிக்குச் சேர்வது 1 கிராம். போதாததற்குத் தவிட்டிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் தீர்ந்தால் ஓடில்லாத தோல் முட்டைதான். ரைஸ் மில் தவிடும் நொய்யும் இங்கே மலிவு என்பது உண்மைதான், திரும்பி வரும் முட்டைக்கு யார் விலை கொடுப்பது?

ஓடு உருவாக 20 மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி இரவில். கால்சியத்துக்கென்று மாவாக அரைத்துப் போடும் சுண்ணாம்புக்கல் அதற்குள் கரைந்து போய்விடும். அதனால் கிளிஞ்சலை நொய்யைவிடக் கொஞ்சம் பெரிதாக உடைத்து, சாயங்காலம் தனித் தட்டில் வைக்கச் சொல்வேன். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். நீற்றிய சுண்ணாம்பு கூடவே கூடாது, வாயும் இரைப்பையும் புண்ணாகும். இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத கோழிக்குக் கிளிஞ்சலும் வேண்டாம், சிறுநீரகம் கெடும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கதை வேறு. கருவாட்டுத் தூள் மலிவாகக் கிடைக்கிறதென்று அள்ளிப் போடுகிறார்கள். உப்பு ஏறினால் கோழி தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், எச்சம் நீர்த்துவிடும். கால் நனைந்த கோழி முட்டைப் பெட்டிக்குள் ஏறினால் உமி முழுக்கச் சகதி. முட்டை அதில்தான் விழ வேண்டும், அதுவும் படலம் இன்னும் காயாத முட்டை. சில இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அது ஓட்டின் தரத்தை நேரடியாகவே கெடுக்கும். தீவனத்தை மாற்றியும் குணம் தெரியவில்லையென்றால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அப்புறம் ஐப்பசி மழை. குறுவை நெல்லே காயாத நாளில் சாக்கிலிருக்கும் கடலைப் புண்ணாக்கு மட்டும் காய்ந்திருக்குமா? பூஞ்சணத்தின் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறும் வேலை ஈரலில்தான் தொடங்குகிறது, அது தடைபட்டால் கிளிஞ்சல் எவ்வளவு தின்றாலும் ஓட்டுக்குப் போய்ச் சேராது. சாக்கைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள், கட்டி தட்டிய தீவனத்தை உதிர்த்துப் போடாதீர்கள். சித்திரை வெயிலில் கோழி வாய் பிளந்து இளைக்கும்போதும் ஓடு மெலியும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் வைப்பது அப்போது ஓரளவு உதவும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. சால்மோனெல்லாவில் என்டரிடிடிஸ் என்ற வகை தாய்க்கோழியின் முட்டைப்பையிலிருந்தே, ஓடு மூடும் முன்னால், உள்ளே வந்துவிடக்கூடும். அதைத் தடுக்க எந்த ஓட்டாலும் முடியாது, சமையலறையில் நமக்கிருக்கும் வழி அடுப்புதான். வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பச்சை முட்டையின் புரதத்தில் பாதி அளவுதான் செரிக்கும், வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவித்துக் கொடுங்கள். நல்லெண்ணெயைத் தனியாகவே குடிக்கட்டும்.